மனைவிக்கு கனடா பி.ஆர். (நிரந்தரக் குடியிருப்பு உரிமை) விண்ணப்பம்: துணை ஆவணங்களாக எதையெல்லாம் வைப்பது?

கேள்வி – 2025 பிப்ரவரி 8

பிராம்ப்டனில் இருக்கிறேன், பி.ஆர். கார்டு உண்டு. போன ஆவணியில் கும்பகோணத்தில் திருமணம், பெரியவர்கள் பார்த்து முடித்த சம்பந்தம். மனைவி இப்போது என் அப்பா அம்மாவோடு ஊரில் இருக்கிறார். ஸ்பான்சர் விண்ணப்பத்துக்கு வாட்ஸ்அப் பேச்சு முழுவதையும் இறக்கி வைத்திருக்கிறேன், நூற்றுக்கணக்கான பக்கம் வருகிறது. ஆல்பமும் பெரியது. எல்லாவற்றையும் போட்டுவிட்டால் சந்தேகமே வராது என்கிறார் நண்பர். சரிதானா? இன்னொன்று, மனைவியின் பாஸ்போர்ட்டில் இன்னும் அவர் அப்பா பெயர்தான் இருக்கிறது. அதை மாற்றிவிட்டுத்தான் விண்ணப்பிக்க வேண்டுமா?

பிப்ரவரி 9

நண்பர் சொல்வது சரியில்லை. அவ்வளவு பக்கத்தை யாரும் படிக்கப் போவதில்லை, கனடா குடிவரவுத் துறை கேட்கவும் இல்லை. ஐ.எம்.எம். என்று தொடங்குவதெல்லாம் அந்தத் துறையின் ஃபார்ம் எண்கள், அதில் ஐ.எம்.எம். 5533 என்ற சரிபார்ப்புப் பட்டியலை முதலில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மற்ற ஃபார்ம்களைத் தொடுவதற்கு முன் அதை வரிவரியாகப் படிக்க வேண்டும். கல்யாணப் படமும் மற்றப் படங்களும் சேர்த்து அதிகபட்சம் 20 என்று இருக்கும். சாட், மின்னஞ்சல், கடிதம் எல்லாம் சேர்த்து அதிகபட்சம் 10 பக்கம்.

பத்துப் பக்கத்தையும் ஒரே மாதத்துப் பேச்சால் நிரப்ப வேண்டாம். பெண் பார்த்து முடிந்ததும் முதலில் பேசிய நாள், நிச்சயத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவில் ஒன்று, நீங்கள் கனடா திரும்பிய வாரம், தீபாவளி, வீட்டில் யாருக்காவது உடம்பு முடியாமல் போன நாள், பிறகு போன வாரம். தேதி மேலே தெரிய வேண்டும். காய்கறி விலையும் அத்தைக்கு மாத்திரை வாங்கியாயிற்றா என்பதும் இருக்கும் பக்கத்தைத் தயங்காமல் வையுங்கள். சேர்ந்து குடும்பம் நடத்துகிறவர்கள்தான் அப்படிப் பேசுவார்கள்.

நான் ஸ்கார்பரோவில் இருக்கிறேன். 2019-இல் என் கணவருக்கு ஸ்பான்சர் செய்தேன். அப்போது தாள் கட்டாகக் கூரியரில் அனுப்பினோம், 2022 செப்டம்பர் முதல் எல்லாம் இணையத்தில்தான். அனுப்பும் வழிதான் மாறியிருக்கிறது. அதிகாரி பார்ப்பது அன்றைக்கும் இன்றைக்கும் ஒன்றுதான்: பெயர், தேதி, முகவரி மூன்றும் எல்லாத் தாளிலும் ஒரே மாதிரி பேசுகின்றனவா என்பது.

பிப்ரவரி 9, இரவு

பாஸ்போர்ட் பற்றி விட்டுவிட்டேன். மாற்ற வேண்டாம். கல்யாணம் ஆனதும் கணவர் பெயருக்கு மாறியே ஆக வேண்டும் என்று இந்தியாவிலும் சட்டம் இல்லை, கனடாவும் அதைக் கேட்பதில்லை. இப்போது மாற்றினால் பாஸ்போர்ட் எண் மாறும். பழைய எண்ணோடு வாங்கிய காவல்துறைச் சான்றிதழ், வங்கிக் கணக்கு என்று ஒவ்வொன்றும் புதுக் கேள்வியைக் கொண்டுவரும். பாஸ்போர்ட்டில் உள்ள பெயரை எழுத்து மாறாமல் எல்லா ஃபார்மிலும் எழுதுங்கள்.

நம் ஊர்க்காரர்களுக்கு நிஜமான தலைவலி இனிஷியல். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் முன்னால் ஓரெழுத்து, ஆதாரில் பின்னால் ஓரெழுத்து, பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயர், திருமணச் சான்றிதழில் வேறொரு வரிசை. இங்கே இருப்பவருக்கு இது நான்கு வேறு மனிதர்களாகத் தெரியலாம். இரண்டு வேலை செய்ய வேண்டும். பொது விண்ணப்ப ஃபார்மான ஐ.எம்.எம். 0008-இல் வேறு பெயர் பயன்படுத்தியதுண்டா என்று கேட்கும் இடத்தில் இனிஷியலோடு உள்ள வடிவங்களை எழுதிவிட வேண்டும். அதோடு, இந்தப் பெயர்கள் எல்லாம் ஒரே ஆளுடையவை என்று நோட்டரி முன் கையெழுத்திட்ட உறுதிமொழி ஒன்று வைக்க வேண்டும்.

பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருந்தால், முழுப்பெயரையும் ஃபார்மில் குடும்பப் பெயர் கட்டத்தில் எழுதி மற்றதைக் காலியாக விட வேண்டும். அப்பா பெயரை நாமாகக் கொண்டுவந்து நுழைக்கக் கூடாது.

பிப்ரவரி 12

சாட் தமிழில் இருக்கிறதே என்று கேட்டிருக்கிறீர்கள். ஆங்கிலமோ பிரெஞ்சோ அல்லாத எல்லாவற்றுக்கும் மொழிபெயர்ப்பு வேண்டும். 'சாப்டியா' என்று ஆங்கில எழுத்தில் தட்டியிருந்தாலும் அது தமிழ்தான், அதற்கும் வேண்டும். சான்று பெற்ற மொழிபெயர்ப்பாளராக இல்லாவிட்டால் அவர் உறுதிமொழிப் பத்திரமும் தர வேண்டும். குடும்பத்தார் செய்யக் கூடாது. உங்கள் மைத்துனர் வக்கீலாகவே இருந்தாலும் கூடாது.

அதனால் நாங்கள் பேச்சு குறைவாகவும் அழைப்புப் பதிவு அதிகமாகவும் உள்ள பக்கங்களாகத் தேர்ந்தோம். வீடியோ அழைப்பு, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்ற வரிசைக்கு மொழிபெயர்க்க அதிகம் இருக்காது. டொராண்டோவுக்கும் ஊருக்கும் குளிர்காலத்தில் பத்தரை மணி நேர வித்தியாசம். நான் வேலை முடித்து இரவு அழைக்கும்போது அவருக்குக் காலை. அந்த ஒழுங்கு மாதக்கணக்கில் பதிவில் தெரிந்தது. நீளமான காதல் வசனத்தை விட அது கனமான சாட்சி என்று இன்றும் நம்புகிறேன்.

திருமணப் பத்திரிகை தமிழில் இருந்தால் அதையும் மொழிபெயர்க்கக் கொடுங்கள். எங்களுக்குச் செய்தவர் ஊர்ப் பெயரை மேலே ஒரு மாதிரியும் கீழே ஒரு மாதிரியும் எழுதியிருந்தார். திருப்பிக் கொடுத்து, பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துக்கூட்டலைத் தனித்தாளில் எழுதிக் கொடுத்து வாங்கினேன். அந்தத் தாளை முதலிலேயே கொடுத்துவிடுவது நல்லது.

பிப்ரவரி 16

இன்று நேரம் இருக்கிறது, கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். பெரியவர்கள் பார்த்து வைத்த கல்யாணத்தை எப்படி நிரூபிப்பது என்பதுதான் பலருக்கும் பயம். பழகிய காலம் இல்லை, சேர்ந்து வாடகை கட்டிய ரசீது இல்லை, கூட்டு வங்கிக் கணக்கு இல்லை. ஆனால் நம் கல்யாணம் விட்டுச் செல்லும் தாள்களைப் போல் காதலித்துப் பதிவு அலுவலகத்தில் முடித்தவர்களுக்குக் கூட இருக்காது. ஜாதகப் பொருத்தம் பார்த்த தாள், தரகரோ மேட்ரிமோனி தளமோ அனுப்பிய முதல் செய்தி, நிச்சயதார்த்தப் படம், மண்டப முன்பண ரசீது, நகைக்கடை பில், பத்திரிகை, மொய் நோட்டு. எல்லாவற்றையும் அனுப்பச் சொல்லவில்லை. வரிசையாக எடுத்து மேசையில் வைத்துப் பாருங்கள், உங்கள் கதையின் தேதிகள் தாமாகக் கிடைக்கும்.

அந்தத் தேதிகள் போக வேண்டிய இடம் ஐ.எம்.எம். 5532. உறவு பற்றிய கேள்வித்தாள் அது. யார் அறிமுகம் செய்தார், முதலில் நேரில் பார்த்தது எப்போது, எங்கே, நிச்சயம் நடந்ததா, கல்யாணத்துக்கு இரு பக்கப் பெற்றோரும் வந்தார்களா என்று போகும். பலர் இதில் இரண்டு வரி எழுதிவிட்டு ஆல்பத்தை நம்புகிறார்கள். நான் நேர்மாறாகச் சொல்வேன். இதில் எழுதுவதுதான் விண்ணப்பத்தின் உயிர், படமும் ரசீதும் அதற்குத் துணை.

வழக்கத்திலிருந்து விலகிய எதையும் நீங்களே முந்திக்கொண்டு விளக்குங்கள். என் கணவரின் அப்பா எங்கள் கல்யாணத்துக்குச் சில மாதம் முன்புதான் தவறிப்போனார். அதனால் மண்டபம் இல்லை, பழனி அடிவாரத்தில் ஒரு கோயிலில் சிறிதாக முடித்தோம். படங்களில் கூட்டம் இருக்காது. கூட்டம் இல்லாத கல்யாணம் என்றால் அதிகாரி ஏன் என்று கேட்பார், அது அவர் வேலை. மாமாவின் இறப்புச் சான்றிதழை இணைத்து, அந்த ஆண்டு பெரிதாகச் செய்ய மாட்டோம் என்று ஒரு பத்தி எழுதினேன். அந்தப் பத்தியை எழுதும்போது அழுதேன். அவர் இருந்திருந்தால் ஊரையே கூட்டியிருப்பார்.

வயது வித்தியாசம், படிப்பு வித்தியாசம், பார்த்துப் பத்தே நாளில் கல்யாணம், கல்யாணமாகி வாரத்தில் திரும்பிவிட்டது, எதுவானாலும் இதேதான். விடுமுறை அவ்வளவுதான் கிடைத்தது என்றால் வேலையிடத்தில் விடுப்பு கொடுத்த மின்னஞ்சலை வையுங்கள்.

ஒரு பக்கக் காலவரிசை ஒன்றும் தட்டச்சு செய்து வைத்தேன். அவர்கள் கேட்கவில்லை. இருந்தாலும் மாதம், நிகழ்வு, அதற்கான சான்று எந்தப் பக்கம் என்று மூன்று நெடுவரிசையில் போட்டேன். எழுதும்போதே இரண்டு தேதிகள் ஒன்றோடொன்று இடிப்பது தெரிந்து சரிபார்க்க முடிந்தது. அதற்காகவே செய்யலாம்.

பிப்ரவரி 17

படங்கள் பற்றி மேலும் யோசித்தேன். இருபதில் முகூர்த்தப் படம் ஆறேழுக்கு மேல் வேண்டாம். மீதி மற்ற நாட்களுக்கு. ஒவ்வொன்றின் கீழும் தேதி, இடம், யார் யார் என்று எழுதுங்கள். 'இடமிருந்து மணமகனின் சித்தப்பா, மணமகளின் தாய்' என்று இருந்தால் ஐ.எம்.எம். 5406-இல் எழுதிய குடும்பத்தாரோடு பொருந்திப் போகும். ஃபில்டர் போட்ட படங்கள் வேண்டாம்.

ஃபார்மோடு போகும் முகப்படம் வேறு. 50-க்கு 70 மில்லிமீட்டர், தாடையிலிருந்து உச்சி வரை 31 முதல் 36. நம் ஊர் ஸ்டூடியோவில் பாஸ்போர்ட் சைஸ் என்றால் வேறு அளவுதான் தருவார்கள், அளவை எழுதிக் கொடுங்கள்.

பிப்ரவரி 23

காவல்துறைச் சான்றிதழ். பதினெட்டு வயதுக்குப் பிறகு, கடந்த பத்தாண்டில் தொடர்ந்து ஆறு மாதமோ அதற்கு மேலோ வசித்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் வேண்டும். இப்போது வசிக்கும் நாட்டுச் சான்றிதழ், விண்ணப்பிக்கும் நாளில் ஆறு மாதத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. மற்ற நாடுகளுடையது, அங்கிருந்து கடைசியாக வந்த பிறகு வாங்கியதாக இருந்தால் போதும்.

கும்பகோணம் என்றால் பாஸ்போர்ட் சேவா தளத்தில் திருச்சி அலுவலகத்தின் கீழ் பி.சி.சி. என்ற இந்தக் காவல்துறைச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வேண்டும், கட்டணம் 500 ரூபாய். பாஸ்போர்ட்டில் பிறந்த வீட்டு முகவரி, இருப்பது புகுந்த வீட்டில் என்றால் காவல் நிலைய விசாரணை வரும். இப்போது எங்கே இருக்கிறாரோ அந்த முகவரியை உண்மையாகக் கொடுங்கள். விசாரணைக்கு வரும்போது ஆள் அங்கே இல்லாவிட்டால் பாதகமான அறிக்கை போய்விடும்.

என் கணவர் சில ஆண்டு சிங்கப்பூரில் வேலை செய்தவர். அங்கிருந்தும் வாங்க வேண்டியிருந்தது. யாருக்காக, எதற்காகக் கேட்கிறீர்கள் என்பதற்கு ஆதாரம் கேட்பார்கள், கைரேகையும் வேண்டும். திண்டுக்கல்லில் எடுத்து, முத்திரை வாங்கி அனுப்பினோம். வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருந்தவர்கள் இதைத்தான் முதலில் தொடங்க வேண்டும். மற்ற தாளெல்லாம் நம் கையில், இது மட்டும் வேறொருவர் கையில்.

மார்ச் 2

சம்பளம் எவ்வளவு இருந்தால் ஸ்பான்சர் செய்யலாம் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். கணவன் மனைவிக்குக் குறைந்தபட்ச வருமான வரம்பு பொதுவாக இல்லை. அது பெற்றோரை அழைப்பவர்களுக்கு. மாற்றுத்திறன் காரணமாக அல்லாமல் அரசு உதவித்தொகை வாங்கிக்கொண்டிருந்தால் தகுதி போகும். ஆனாலும் வேலைக் கடிதமும் வருமானவரி மதிப்பீட்டு அறிவிப்பும் வையுங்கள்.

கட்டணம் 2025 மார்ச் நிலவரப்படி ஸ்பான்சருக்கு 85, விண்ணப்பதாரருக்கு 545, குடியிருப்பு உரிமைக்கு 575, ஆக 1,205 கனடா டாலராக இருந்தது. கைரேகைப் பதிவுக்கு 85 தனி. குடியிருப்பு உரிமைக் கட்டணத்தைப் பிறகும் கட்டலாம், முன்பே கட்டினால் கடைசியில் ஒரு கடிதப் போக்குவரத்து மிச்சம். கியூபெக்கில் இருப்பவர்களுக்கு மாகாண நடைமுறை தனியாக உண்டு.

துணைவர் பி.ஆர். ஆன நாளிலிருந்து மூன்று ஆண்டு அவருக்குப் பொறுப்பேற்பதாகக் கையெழுத்துப் போடுகிறோம். நடுவில் பிரிந்தாலும் அது தீராது. படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

சேர்ந்து இரண்டு ஆண்டு வாழாவிட்டால் பி.ஆர். பறிபோகும் என்று எழுதியவருக்கு: அந்த நிபந்தனை 2012-இல் வந்தது, 2017-இல் எடுத்துவிட்டார்கள். இதைச் சொல்லி மனைவியை மிரட்டும் ஆண்களை நான் பார்த்திருக்கிறேன். பெண்கள் யாராவது இதைப் படித்தால் தெரிந்துகொள்ளுங்கள், அப்படி ஒரு விதி இன்று இல்லை.

மார்ச் 3

நேற்று ஒருவர் கேட்டதைப் படித்துவிட்டுத் தூக்கம் வரவில்லை. அவருக்கு பி.ஆர். ஒப்புதல் வந்துவிட்டது, இன்னும் கனடாவில் இறங்கவில்லை. இந்த இடைவெளியில் ஊரில் கல்யாணத்தை முடித்துவிட்டு, இப்போதைக்குச் சொல்லாமல் இறங்கி, பிறகு மனைவியை ஸ்பான்சர் செய்யலாமா என்கிறார்.

தயவுசெய்து செய்யாதீர்கள். நீங்கள் பி.ஆர். ஆகும் நேரத்தில் மனைவி இருந்தும் அவரைச் சொல்லாமல், அவர் பரிசோதிக்கப்படாமல் விட்டால், பிறகு குடும்ப வகுப்பில் அவரை அழைக்க முடியாதபடி விலக்கு வந்துவிடும். குடிவரவு விதிகளில் 117-ஆம் பிரிவின் 9-ஆம் உட்பிரிவில் இருக்கிறது. அதன் மேல், தகவலை மறைத்ததற்கு ஐந்து ஆண்டுத் தடை வரலாம், உங்கள் பி.ஆர். கூடப் போகலாம். கல்யாணம் முடிந்திருந்தால் இறங்குவதற்கு முன்பே எழுதிச் சொல்லுங்கள். முடியவில்லை என்றால் இறங்கிய பிறகு முகூர்த்தம் வையுங்கள். எந்தப் பஞ்சாங்கத்தைப் பார்த்தாலும், அடுத்த ஆண்டும் நல்ல நாள் வரும்.

மார்ச் 3, மாலை

நிச்சயதார்த்தம் மட்டும் முடிந்திருந்தால்? அது கல்யாணம் ஆகாது. ஆனால் கோயிலில் தாலி கட்டிவிட்டுப் பதிவு மட்டும் பிறகு என்பவர்கள் கவனிக்க வேண்டும். சட்டப்படி கல்யாணம் நடந்தது தாலி கட்டிய நாளில், பதிவு அதற்குச் சான்று. ஃபார்மில் போட வேண்டிய திருமண நாளும் அதுதான்.

மார்ச் 15

இங்கே யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் வரிக் கணக்கு போடும் பருவம் என்பதால் சொல்கிறேன். மனைவி ஊரில் இருந்தாலும் கனடா வருமானவரிக் கணக்கில் நீங்கள் திருமணமானவர்தான். நிலை மாறிய மாதத்துக்கு அடுத்த மாத முடிவுக்குள் வரித்துறையிடம் தெரிவிக்க வேண்டும். ஆவணியில் கல்யாணம் என்று ஒரு ஃபார்மில் எழுதி, அந்த ஆண்டின் வரிக் கணக்கில் தனியாள் என்று போட்டிருந்தால், அதே மதிப்பீட்டு அறிவிப்பை நீங்களே இணைத்து அனுப்புவீர்கள். கணக்காளர் பழைய விவரத்தை அப்படியே விட்டுவிடுவது நடக்கிறது, கையெழுத்துக்கு முன் பாருங்கள்.

வேலையிடத்துக் காப்பீட்டில் பயனாளியாக மனைவி பெயர், ஊர் வங்கிக் கணக்கில் நாமினியாக அவர் பெயர், மாதாமாதம் அனுப்பும் பணத்தின் பதிவு. இவையும் நல்ல தாள்கள். ஆனால் விண்ணப்பத்துக்கு முந்தின வாரம் அவசரமாக உண்டாக்கினால் தேதியே காட்டிக்கொடுக்கும். கல்யாணம் ஆன உடனே செய்ய வேண்டியவை. பி.ஆர். இல்லாவிட்டாலும் செய்ய வேண்டியவை.

மார்ச் 29

திருமணப் பதிவு. தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி 90 நாளுக்குள், தவறினால் கூடுதல் கட்டணத்தோடு மேலும் 60 நாளுக்குள் பதிய வேண்டும். விடுமுறையில் வந்து கல்யாணம் முடித்துப் பறப்பவர்கள் பதிவுக்கென ஒரு வேலை நாளை ஒதுக்கிவிட்டே டிக்கெட் போடுங்கள்.

மணமகன் கனடாவில், மணமகள் ஊரில், வீடியோவில் கல்யாணம் என்பது குடிவரவுக்குச் செல்லாது. இருவரில் ஒருவர் நேரில் இல்லாவிட்டாலும் அந்தக் கல்யாணத்தை 2015 ஜூன் முதல் ஏற்பதில்லை, படைவீரர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு.

முன்பே திருமணமாகி விவாகரத்து ஆனவர்கள் தீர்ப்பாணையின் சான்று நகல், மொழிபெயர்ப்பு இரண்டும் வைக்க வேண்டும். தீர்ப்புக்குப் பிறகு மேல்முறையீட்டுக் காலம் முடிந்துதான் மறுமணம் நடந்தது என்பதும் தேதியில் தெரிய வேண்டும்.

ஏப்ரல் 13

பத்தாண்டு வரலாறு கேட்கும் ஐ.எம்.எம். 5669-இல் உங்கள் மனைவிக்கு இரண்டு ஆண்டு காலியாக வருகிறது என்றீர்கள். காலி என்று ஒன்று கிடையாது. கல்லூரி முடித்து வீட்டிலிருந்து போட்டித் தேர்வுக்குப் படித்தார் என்றால் அதுதான் பதில், மாதம் ஆண்டோடு எழுதுங்கள். சென்னையில் விடுதியில் தங்கியிருந்தால் அந்த முகவரியும் வேண்டும். சங்கம், அமைப்பு கேட்கும் இடத்தில் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்டம், தொழிற்சங்கம், கட்சி உறுப்பினர் அட்டை எது இருந்தாலும் எழுதுங்கள். ரசிகர் மன்றத்தில் பொறுப்பில் இருந்ததைக் கூட என் கணவர் எழுதினார். ஒரு கேள்வியும் வரவில்லை.

அம்மா அப்பாவின் பிறந்த தேதி சரியாகத் தெரியாத வீடுகள் நிறைய. ஆதாரில் ஜனவரி 1 என்றிருந்தால் அதையே எல்லா ஃபார்மிலும் எழுதுங்கள். தவறிப்போன உடன்பிறந்தவர்களையும் 5406-இல் சேர்க்க வேண்டும்.

மே 4

விண்ணப்பம் போய்விட்டது என்று எழுதியிருக்கிறீர்கள், மகிழ்ச்சி. கைரேகைக் கடிதம் வந்தால் 30 நாளுக்குள் சென்னை மையத்துக்குப் போக வேண்டும். மருத்துவப் பரிசோதனை அவர்கள் பட்டியலில் உள்ள மருத்துவரிடம் மட்டும். அதன் முடிவு 12 மாதம் செல்லும்.

உள்நாட்டு வகுப்பா (துணைவர் கனடாவிலேயே உங்களோடு இருந்தால் போடுவது) வெளிநாட்டு வகுப்பா என்று கடைசியாக ஒருவர் கேட்டார். மனைவி ஊரில் இருக்கும்போது வெளிநாட்டு வகுப்புதான். அதில் மறுத்தால் ஸ்பான்சர் 30 நாளுக்குள் குடிவரவு மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போகலாம். உள்நாட்டு வகுப்பில் அந்த உரிமை இல்லை, கூட்டாட்சி நீதிமன்றம்தான்.

அனுப்பியாயிற்று என்று சேகரிப்பதை நிறுத்த வேண்டாம். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது போர்டிங் பாஸை எறியாமல் வையுங்கள். கனடா திரும்பும்போது பாஸ்போர்ட்டில் முத்திரை விழாமல் போவது சகஜம். முகவரி, வேலை, பாஸ்போர்ட் எது மாறினாலும், குழந்தை உண்டானாலும், உடனே இணையப் படிவத்தில் தெரிவியுங்கள். கூடுதல் ஆவணம் கேட்டுக் கடிதம் வந்தால் கொடுத்த கெடுவுக்குள் பதில் போக வேண்டும். அது குப்பை மின்னஞ்சல் பெட்டியில் விழுவதுண்டு, தினமும் அங்கேயும் பாருங்கள்.